பந்துக் காப்பாளரும் எட்டுச் செக்கனும்

உதைபந்தாட்டத்தில் ஒரு பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுகின்றனர். அவர்களுட் பதின்மருக்கு, எல்லைக்கு வெளியே சென்ற பந்தை எறியும் நேரம் ஒழிந்த ஏனைய நேரமெல்லாம், கையிருந்தும் இல்லாதது போன்றதே. எஞ்சிய ஒருவருக்கு மட்டும், அதுவும் தமது தண்ட எல்லைக்குள் மட்டும், பந்தைக் கையாற் பற்றும் உரிமை உண்டு. அவரே பந்துக் காப்பாளர். இவ்வுரிமை மிகப் பெரியது. பெரிய உரிமை எதுவும் வரம்பின்றி நிலைபெறாது. அவ்வரம்பை அடியால் அளப்பதா, காலத்தால் அளப்பதா, மீறினார்க்கு எத்தகைய தண்டம் விதிப்பது என்னும் வினாக்கள் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக விதி வகுப்போரை வருத்தி வந்துள்ளன. 2025ஆம் ஆண்டில் அவ்வினாக்களுக்குப் புதியதொரு விடை கிடைத்தது.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள், 2000ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கல்லூரி மைதானத்தில் ஆடியவர்கள் ‘நான்கு அடி’ விதியைப் பயின்றவர்கள். அதன் பின்னர் ஆடியவர்கள் ‘ஆறு செக்கன்’ விதியைக் கேள்விப்பட்டவர்கள். இன்று ஆடும் நம் இளையோர்க்கு உரியது ‘எட்டுச் செக்கன்’ விதி. தந்தையும் மைந்தனும் மைதானத்தின் ஓரத்தில் ஒருங்கு நின்று ஒரே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, வெவ்வேறு விதிகளைச் சொல்லி வாதிடும் நிலை இதனால் உண்டாயிற்று. அம்மயக்கத்தை நீக்குதலும், விதி மாறியதன் காரணத்தை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரிமை பிறந்த வரலாறு

1863ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் முதன்முதலாக விதிகளை எழுதியபோது, அவற்றிற் பந்துக் காப்பாளர் என்னும் பெயரே இடம்பெறவில்லை. அக்காலத்தில் எந்த ஆட்டக்காரரும் வானில் வரும் பந்தைக் கையாற் பற்றி, அதற்கு ஈடாகச் சுயாதீன உதை ஒன்றைப் பெறலாம். ஆயின் பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாகாது. சில ஆண்டுகளில் எல்லார்க்கும் உரிய அவ்வுரிமை நீக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டின் விதிகளில், கோலைக் காக்கும் பொருட்டுக் கையைப் பயன்படுத்தும் உரிமை ஒருவருக்கு மாத்திரம் தரப்பட்டது. எல்லாரும் இழந்ததை ஒருவர் பெற்றார் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். காப்பாளரின் உரிமை அவர் தமக்கென ஈட்டிய சொத்தன்று. ஆட்டத்தின் நன்மை கருதி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதொன்று.

அவ்வுரிமையும் தொடக்கத்தில் விரிந்து கிடந்தது. 1912ஆம் ஆண்டு வரை காப்பாளர் தமது பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையாளலாம். ஏந்திச் செல்வதற்கே தடை இருந்ததன்றித் தரையில் தட்டிக்கொண்டு செல்வதற்குத் தடை இருக்கவில்லை. லீ றிச்மண்ட் றூஸ் என்னும் வேல்ஸ் நாட்டுக் காப்பாளர் இந்நெகிழ்ச்சியை நன்கு பயன்படுத்தியவர். பந்தைத் தட்டித் தட்டி நடுக்கோட்டை அணுகி, அங்கிருந்து எதிர்ப்பக்கத்தைத் தாக்குவதற்கு வழிசெய்வதில் அவர் பெயர்பெற்றிருந்தார். 1912இல் விதி திருத்தப்பட்டுக் கையாளும் உரிமை தண்ட எல்லைக்குள் ஒடுங்கியது. இடத்தால் வந்த வரம்பு இது.

அடியால் அளந்த காலம்

இடத்திற்கு வரம்பு வந்தபின் எஞ்சி நின்றது, பந்தைக் கையில் வைத்திருக்கும் அளவைப் பற்றிய வினா. பழைய விதி காப்பாளர் பந்தை ஏந்தி இரண்டு அடிகள் வைப்பதற்கே இடந்தந்தது. 1931ஆம் ஆண்டில் அது நான்கு அடிகளாக உயர்ந்தது. நம்மிற் பலர் மனப்பாடஞ் செய்த நான்கடி விதியின் தோற்றம் அதுவே.

அடியை எண்ணிய அக்காலத்தில், செக்கனை எண்ண வேண்டிய தேவை ஏன் எழவில்லை என்று கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. பந்தைக் கையில் வைத்திருக்கும் காப்பாளரை எதிர்ப்பக்கத்தார் தோளால் மோதுவதற்கு அந்நாளிற் பெரிதும் இடமிருந்தது. 1957ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில், மஞ்செஸ்ரர் யுனைற்றெட் காப்பாளரான றே வூட், அஸ்ரன் வில்லா வீரர் பீற்றர் மக்பாலண்ட் மோதியதாற் கன்ன எலும்பு முறிந்து வீழ்ந்தார். அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில், போல்ற்றன் வீரர் நற் லொவ்ற்ஹவுஸ், யுனைற்றெட் காப்பாளர் ஹரி கிறெக்கைப் பந்தோடு சேர்த்துக் கோற்கோட்டுக்கு அப்பால் தள்ளினார். மத்தியஸ்தர் அதனைக் கோல் என்றே தீர்த்தார். இத்தகைய சூழலிற் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கக் காப்பாளர் எவரும் விரும்பார். மோதுவார் என்னும் அச்சமே அந்நாளின் கால வரையறை. எழுதப்படாத அவ்வரையறை எந்தக் கடிகாரத்தினும் விரைவாகப் பந்தை வெளியே வரச் செய்தது.

காலப்போக்கிற் காப்பாளரின் உடலைக் காக்கும் நோக்கம் வலுப்பெற்றது. பந்து கையிலுள்ள காப்பாளரை அணுகி மோதுதல் குற்றமாகக் கொள்ளப்பட்டது. இது மனிதத்தன்மைக்கு ஏற்ற நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு பாதுகாப்பைத் தரும்போது, அதனோடு வரும் துணை விளைவையும் எண்ணுதல் வேண்டும். அச்சம் நீங்கியதும் அவசரமும் நீங்கிற்று. ஒரு கோலால் முன்னிற்கும் பக்கத்தின் காப்பாளர், பந்தைப் பற்றியதும் நடைபயில்பவர்போல் உலாவலாயினர்.

நான்கடி விதியினால் அதனைத் தடுக்க இயலவில்லை. தரையில் தட்டுவதும் மேலே எறிந்து பிடிப்பதும் அடிக்கணக்கிற் சேரும் என 1960களின் பிற்பகுதியில் விதி இறுக்கப்பட்டது. ஆயினும் அடியை எண்ணும் விதி, நடப்பவரைப் பிடிக்குமேயன்றி நிற்பவரைப் பிடிக்காது. பந்தைத் தரையிலிட்டுக் காலால் உருட்டிச் சென்று, எதிரி நெருங்கும்போது குனிந்து எடுத்துக்கொள்ளும் தந்திரமும் தோன்றியது. அதனைத் தடுக்க விதி வந்ததும், அருகில் நிற்கும் தம் பக்கத்தவருக்குப் பந்தைக் கொடுத்து, அவர் திருப்பித் தர மீண்டும் கையிலெடுக்கும் வழி பெருகிற்று.

இத்தீமை உலகோர் கண்முன் நின்றது 1990ஆம் ஆண்டு இத்தாலியில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிலாகும். 52 ஆட்டங்களில் 115 கோல்களே பெறப்பட்டன. சராசரி ஆட்டமொன்றுக்கு 2.21, அதற்கு முன்னும் பின்னும் எந்த உலகக் கிண்ணமும் இவ்வளவு தாழ்ந்ததில்லை. இதனைக் கண்ட விதிச் சபையார் 1992இல், தம் பக்கத்தவர் வேண்டுமென்று காலால் உதைத்துத் தந்த பந்தைக் காப்பாளர் கையால் தொடலாகாது என விதித்தனர். 1997இல் தம் பக்கத்தவர் எல்லைக் கோட்டிலிருந்து எறிந்து தரும் பந்துக்கும் அத்தடை விரிந்தது. பந்து கைக்கு வரும் வழி இவ்வாறு சுருங்கியது. ஆயினும், கைக்கு வந்த பந்து அங்கு எவ்வளவு நேரம் தங்கலாம் என்னும் வினா தீரவில்லை. 2000ஆம் ஆண்டில் நான்கடி விதி முற்றாக நீக்கப்பட்டு, ஆறு செக்கன் என்னும் கால அளவு அதனிடத்தில் வைக்கப்பட்டது.

எழுதப்பட்டும் வழங்காத விதி

ஆறு செக்கன் விதி பார்வைக்கு நேரியது. அடிகளை எண்ணும் தொல்லை இல்லை. எல்லார்க்கும் பொதுவான கடிகாரம் உண்டு. எனினும் இருபத்தைந்து ஆண்டுகள் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. காப்பாளர் பத்து, பதினைந்து செக்கன் பந்தை வைத்திருத்தல் வழக்கமாயிற்று. மத்தியஸ்தர்கள் கையசைத்து விரைவுபடுத்துவதோடு அமைந்தனர். இதற்குக் காரணம் மத்தியஸ்தரின் சோம்பலோ பக்கச்சார்போ அன்று. குற்றத்துக்கும் தண்டத்துக்கும் இருந்த பொருத்தமின்மையே காரணம்.

விதிப்படி, காலவரை கடந்த காப்பாளரின் பக்கத்துக்கு எதிராக மறைமுகச் சுயாதீன உதை வழங்கப்படல் வேண்டும். அஃதாவது, உதைத்தவர் நேரே கோலடிக்க முடியாது. வேறொருவர் பந்தைத் தொட்ட பின்னரே கோல் செல்லும். ஆனால் அவ்வுதை நிகழுமிடம் கோலுக்கு மிக அண்மையிலுள்ள தண்ட எல்லையாகும். காக்கும் பக்கத்தார் அனைவரும் கோற்கோட்டில் மதில்போல் நெருங்கி நிற்க, சில யார் தூரத்திற் பந்து வைக்கப்படும். இரண்டு செக்கன் தாமதத்துக்கு, ஓர் ஆட்டத்தையே தீர்க்கக்கூடிய தண்டம்! அதனை வழங்கும் மத்தியஸ்தருக்கு மனம் எவ்வாறு துணியும்? துணியாமையால் விதி உறங்கிற்று.

உறங்கும் விதியின் பெருந்தீங்கு, அது திடீரென விழிக்கும்போது புலப்படும். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் விழாவின் மகளிர் அரையிறுதியாட்டம் ஓல்ட் றபோர்ட் மைதானத்தில் நடைபெற்றது. கனடா அணி ஐக்கிய அமெரிக்க அணியை 3-2 என்ற கணக்கில் முந்தி நின்றது. கனடாவின் மூன்று கோல்களையும் அடித்தவர் கிறிஸ்ரின் சின்கிளேயர். ஆட்டம் முடிவை நெருங்கும் வேளையில், கனடியக் காப்பாளர் எறின் மக்லியொட் பந்தை ஆறு செக்கனுக்கு மேல் வைத்திருந்தார் என்று மத்தியஸ்தர் ஊதினார். அதனால் வழங்கப்பட்ட சுயாதீன உதையிற் பந்து கனடிய வீராங்கனை ஒருவரின் கையிற் பட, தண்ட உதை வழங்கப்பட்டது. அபி வம்பாக் அதனைக் கோலாக்கி ஆட்டத்தைச் சமன்செய்தார். மேலதிக நேரத்தின் இறுதிக் கணத்தில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டி அமெரிக்காவுக்கு 4-3 என்னும் வெற்றியைத் தேடித் தந்தார்.

மத்தியஸ்தர் விதிநூலுக்கு மாறாக எதையும் செய்யவில்லை. ஆயினும் கனடியர் தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாகவே கருதினர். உலகெங்கும் நாள்தோறும் மன்னிக்கப்படும் ஒரு தவறு, தம் நாட்டின் பெரியதோர் ஆட்டத்தில் மட்டும் தண்டிக்கப்பட்டது என்பது அவர்கள் குறை. விதியும் உண்மை, குறையும் உண்மை. இரண்டும் ஒருங்கே உண்மையாதல், விதி வகுக்கப்பட்ட முறையிலேயே பழுது உண்டு என்பதற்குச் சான்று. 2015ஆம் ஆண்டு நவம்பரில் லிவர்பூல் காப்பாளர் சிமொன் மினியோலே, போர்டோ அணிக்கு எதிரான ஐரோப்பிய ஆட்டத்தில் இவ்வாறே தண்டிக்கப்பட்டு, அவ்வுதையிலிருந்து ஒரு கோலும் கொடுத்தார். அவர் பந்தை நெடுநேரம் வைத்திருந்தார் என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் அத்தகைய தண்டனைகள் பல ஆண்டுகட்கு ஒருமுறை பேசப்படும் புதுமைகளாகவே இருந்தன.

2025ஆம் ஆண்டின் திருத்தம்

உதைபந்தாட்ட விதிகளை மாற்றும் அதிகாரம் 1886இல் நிறுவப்பட்ட சர்வதேச விதிச் சபைக்கு உரியது. பிரித்தானியாவின் நான்கு சங்கங்களுக்கும் தலைக்கொரு வாக்கும், சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு நான்கு வாக்கும் அங்கு உள. எட்டில் ஆறு வாக்குப் பெறாத மாற்றம் எதுவும் விதியாகாது. இச்சபை 2025 மார்ச் முதலாந் திகதி பெல்பாஸ்ற் நகரிற் கூடி, முன்னரே சில போட்டிகளிற் பரீட்சித்துப் பார்த்த புதிய விதியை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு யூலை முதல் அது பொது விதியாயிற்று. அதன் கூறுகள் மூன்று.

முதலாவது, காலம் ஆறிலிருந்து எட்டுச் செக்கனாக நீட்டப்பட்டது. இரண்டாவது, தண்டம் குறைக்கப்பட்டது. மறைமுகச் சுயாதீன உதைக்குப் பதிலாக, எதிர்ப்பக்கத்துக்கு மூலை உதை வழங்கப்படும். காப்பாளர் நின்ற இடத்துக்கு அண்மையான மூலையிலிருந்து அது உதைக்கப்படும். மூன்றாவது, எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியும்படி அமைந்தது. கடைசி ஐந்து செக்கனையும் மத்தியஸ்தர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவார்.

செக்கன் எப்போது தொடங்கும் என்பதும் அறியத்தக்கது. பந்து கையிற் பட்ட கணத்திலிருந்து அன்று. காப்பாளர் அதனைத் தெளிவாகத் தம் வசப்படுத்தினார் என்று மத்தியஸ்தர் காணும் கணத்திலிருந்தே. இரு கைகளுக்கு இடையிலோ, கைக்கும் தரைக்கும் இடையிலோ, கைக்கும் உடலுக்கும் இடையிலோ பந்து இருந்தால் அது வசப்பட்டதாகும். விரித்த உள்ளங்கையில் நின்றாலும், தரையில் தட்டிக்கொண்டிருந்தாலும், மேலே எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாலும் அவ்வாறே. பந்து அவர் காலடியில் இருக்குமாயின் இவ்வரையறை இல்லை. ஏனெனில் அப்போது எதிரி வந்து அதனைப் பறிக்கலாம். பறிக்க முடியாத பந்துக்கே கால வரையறை. விதியின் உயிர்நிலை இதுவாகும். அன்றியும், காப்பாளர் பந்தை விடுவதை எதிரி ஒருவர் மறித்தால், குற்றம் மறித்தவரதே.

2025 யூனில் அமெரிக்காவில் நடைபெற்ற கழகங்களுக்கான உலகக் கிண்ணப் போட்டியிலேயே புதிய விதி நடைமுறைக்கு வந்தது. தென்னாபிரிக்காவின் மமலோடி சண்டவுன்ஸ் காப்பாளர் றொன்வென் வில்லியம்ஸ் அங்கு தண்டிக்கப்பட்டு, மூலை உதையொன்றைக் கொடுத்தார். ஆட்டம் தொடர்ந்தது, அவர் அணியே வென்றது. 2012இல் எழுந்த மனக்கசப்பு அங்கு எழவில்லை.

மென்தண்டத்தின் வன்மை

காலத்தை நீட்டித் தண்டத்தையும் குறைத்தால் விதி மெலியுமன்றோ என்று வினவலாம். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பின் அவ்வாறே தோன்றும். ஆழ்ந்து நோக்கின் உண்மை வேறு. தவறு செய்பவரை அடக்குவது தண்டத்தின் கடுமை மட்டுமன்று. அது தவறாது வரும் என்னும் உறுதியே பெரிதும் அடக்குவது. நூறு முறை தப்பி ஒருமுறை பெருந்தண்டம் பெறுவதாயின், தப்பும் நூறையே மனம் எண்ணும். ஒவ்வொரு முறையும் சிறுதண்டம் வருவதாயின், எவரும் எட்டுச் செக்கனைக் கடவார்.

திருவள்ளுவர் ‘வெருவந்தசெய்யாமை’ என்னும் அதிகாரத்தில் இதனையொத்த நெறியொன்றை அரசர்க்கு உரைத்துள்ளார். தண்டிக்கப் புகுமிடத்து அச்சந் தோன்றும்படி முனைந்தும், தண்டம் விழுமிடத்து அளவு கடவாமற் காத்தும் நடப்பவனிடத்து ஆக்கம் நெடுங்காலம் நிலைக்கும் என்பது அவர் கருத்து. மத்தியஸ்தர் உயர்த்திய கையையும், அதன்பின் வரும் மூலை உதையையும் எண்ணிப் பார்ப்பவர்க்கு இக்கருத்தின் பொருத்தம் விளங்கும். கை உயர்வது எல்லார்க்கும் தெரிகிறது. காப்பாளர் அதனைக் கண்டே பந்தை விட்டுவிடுகிறார். விடாதவர்க்கும் தாங்கக்கூடிய இழப்பே நேர்கிறது. தண்டிப்பதற்கு மத்தியஸ்தர் அஞ்சாமையால், தண்டிக்க வேண்டிய தேவையும் அருகுகின்றது.

மூலை உதை அற்பமான தண்டம் அன்றோ, முன்னிற்கும் அணி அதனை மகிழ்ந்து ஏற்று நேரத்தைப் போக்காதோ என்பார்க்கும் விடை உண்டு. கையில் இருந்த பந்து காப்பாளர்க்கு உறுதியான உடைமை. மூலை உதையிலோ பந்து எதிரியின் வசமாகித் தம் கோல் வாயில் நோக்கியே வருகின்றது. உறுதியை விட்டு ஆபத்தை வாங்கும் வாணிகத்தை அறிவுடையார் செய்யார். பிடிவாதமாகப் பலமுறை செய்பவர்க்கு மஞ்சள் அட்டை காட்டும் அதிகாரமும் மத்தியஸ்தரிடம் உண்டு.

இளையோர்க்குச் சில குறிப்புகள்

எட்டுச் செக்கன் குறுகிய காலம் என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் பழைய காலக்கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். அதன் அறுபதில் ஒரு கூறாகிய விநாடி 24 செக்கன். ஆகவே எட்டுச் செக்கன் என்பது பழைய விநாடியின் மூன்றில் ஒன்று. அக்கணக்கில் விநாடியொன்றுக்கு மூச்சு ஆறு. எனவே காப்பாளர்க்கு அமைதியான இரண்டு மூச்சளவு நேரம் உண்டு.

அதனைப் பகுத்துப் பயன்படுத்தப் பழகுதல் வேண்டும். முதல் இரண்டு செக்கனிற் பந்தை மார்போடு சேர்த்து நிமிர்ந்து நின்று, இரு பக்க ஓரங்களையும் நோக்குக. தண்ட எல்லையின் ஆழம் 18 யார், அஃதாவது 16.5 மீற்றர். கோற்கோட்டருகிற் பந்தைப் பிடித்த மாணவன் அதன் முன்விளிம்பை ஓடிச் சேர நான்கு செக்கன் வரையிற் போதும். எஞ்சிய இரண்டு செக்கனில் எறிவதோ உதைப்பதோ முடிந்துவிடல் வேண்டும். பயிற்சியின்போது நண்பர்கள் உரத்த குரலில் எண்ணுவார்களாயின், சில வாரங்களில் அவ்வெண்ணிக்கை காப்பாளனின் உள்ளத்திலேயே ஒலிக்கத் தொடங்கும். அவன் தனியே விரைந்தாலும் போதாது. பந்து கைக்கு வந்தவுடன் மற்றைப் பதின்மரும் வெற்றிடம் தேடி ஓடாவிடின், கொடுப்பதற்கு ஆளின்றி அவன் தவிப்பான். காப்பாளனின் தாமதம் பல வேளைகளில் அணியின் சோம்பலே.

பள்ளி ஆட்டங்களில் மத்தியஸ்தம் வகிக்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். ஆட்டத்தின் ஐந்தாவது நிமிடத்தில் எவ்வாறு எண்ணுகிறீர்களோ, அவ்வாறே கடைசி ஐந்தாவது நிமிடத்திலும் எண்ணுங்கள். தொடக்கத்திற் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டு, முடிவில் ஒரு சிறுவனைத் தண்டித்தால், அவன் இழப்பது ஒரு மூலை உதை மட்டுமன்று. விதி என்பது வேண்டும்போது எடுத்து வீசப்படும் கல் என்று அவன் கருதத் தொடங்குவான். அக்கருத்தோடு மைதானத்தை விட்டுச் செல்பவன் பின்னாள் எந்தச் சட்டத்தையும் மதியான். அவ்வாறன்றி, முதலிலிருந்தே உயர்ந்த கையைக் கண்டு ஆடியவன், தோற்றாலும் மனங்கசவான்.

பந்துக் காப்பாளரின் கைக்கு வந்த பந்து இருபத்திருவர்க்கும் பொதுவானது. அதனைப் பாதுகாப்பாகப் பற்றுதல் அவர் திறமை. உரிய காலத்தில் ஆட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தல் அவர் கடமை. திறமையைப் போற்றிக் கைதட்டுவதற்கு நாம் என்றும் பழகியிருக்கிறோம். இனிமேல், ஐந்து விரல்களும் மடியுமுன் பந்தை விட்டெறியும் காப்பாளனைக் காணும்போதும் ஒருமுறை கைதட்டுவோமாக.